நீலகிரி பசுந்தேயிலை விலைச் சட்டங்கள்

நீலகிரி பசுந்தேயிலை விலைச் சட்டங்கள் என்பவை தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டச் சிறு விவசாயிகளிடமிருந்து தொழிற்சாலைகள் வாங்கும் தேயிலையின் விலையை ஒழுங்குபடுத்தும் நடுவண் அரசின் சட்டங்களும் ஆணைகளும் ஆகும். 1953 ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம், 2002 ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 2003 ஆம் ஆண்டின் தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணை ஆகியன இவற்றுள் முதன்மையானவை. விற்பனை வருவாயில் விவசாயிக்குரிய பங்கை இவை வரையறுக்கின்றன. ஆனால் குறைந்தபட்ச விலைக்கு உறுதியளிப்பதில்லை.

பின்னணி

பறித்த இலையைச் சேமித்து வைக்க இயலாது. சில மணி நேரத்திற்குள் தொழிற்சாலையில் சேர்க்க வேண்டும். எனவே விலை குறைவு என்பதற்காக விவசாயி காத்திருக்க முடியாது. சிறு விவசாயிகளின் இலையை இண்ட்கோசர்வ் இணையத்தின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் தனியார் தொழிற்சாலைகளும் வாங்குகின்றன. தமக்குத் தேவையான இலையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கைப் பிறரிடமிருந்து வாங்கும் தொழிற்சாலைகளைக் கட்டுப்பாட்டு ஆணை தனி வகையாகக் கொள்கிறது. தயாரான தேயிலையின் ஒரு பகுதி, 1963 இல் தொடங்கிய குன்னூர் ஏல மையத்தில் விற்கப்படுகிறது.

விலைப் பகிர்வு

ஆணையின் 30 ஆம் பத்தி, தேயிலை விற்பனை வருவாயை விவசாயியும் தொழிற்சாலையும் பகிர்ந்துகொள்ள வழிசெய்கிறது. 2004 இல் இது 60:40 என்ற விகிதத்தில் வகுக்கப்பட்டது, பின்னர் திருத்தப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ தேயிலை 100 ரூபாய்க்கு விற்று, அதற்கு 4 கிலோ இலை தேவைப்பட்டால், 60 விழுக்காட்டின்படி ஒரு கிலோ இலைக்கு 15 ரூபாய் கிடைக்கும். ஏல விலை 80 ரூபாயாகக் குறைந்தால் இலை விலையும் 12 ரூபாயாகக் குறையும்.

கண்காணிப்பு

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுந்தேயிலை விலைக் கண்காணிப்புக் குழு, இலை விலையைக் கண்காணிக்கிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. தொழிற்சாலைகளின் கணக்கேடுகளை வாரிய அலுவலர்கள் ஆய்வு செய்யலாம். ஆணையை மீறும் தொழிற்சாலையின் பதிவை வாரியம் இடைநிறுத்தலாம் அல்லது நீக்கலாம்.

போட்டிச் சட்டம்

ஏலத்தில் வாங்குவோர் கூட்டுச் சேர்ந்து விலையைக் குறைத்தால், பகிர்வு முறை சரியாகப் பின்பற்றப்பட்டாலும் விவசாயிக்கு இழப்பு ஏற்படும். இத்தகைய உடன்பாடுகளைப் போட்டிச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு தடைசெய்கிறது. இப்பிரிவு 2009 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. முறைகேடுகளை இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைமை இயக்குநர் புலனாய்வு செய்வார்; எனினும் இடங்களில் புகுந்து சோதனையிட அவர் குற்றவியல் நடுவரின் அனுமதியைப் பெறவேண்டும்.

குறைந்தபட்ச விலைக் கோரிக்கை

நெல், கோதுமை போன்றவற்றுக்கு நடுவண் அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் தேயிலை இடம்பெறவில்லை. தேயிலைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, தேயிலைக்கு உச்ச விலையையோ குறைந்தபட்ச விலையையோ நிர்ணயிக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அதைக் கட்டாயக் கடமையாக்கவில்லை. பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கக் கோரி, 2023 இல் நீலகிரி விவசாயிகள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர்.