சீம்பால்: குழந்தையின் முதல் உரிமை

பிறந்த குழந்தையின் நாவில் சீனித் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைப்பதை நம் தென்மாவட்டங்களில் 'சேனை வைத்தல்' என்பர். ஆழ்வார்குறிச்சி முதலான தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும் சமய வேறுபாடின்றி அறியப்பட்ட வழக்கம் இது. இதனோடு இன்னொரு பழக்கமும் பல வீடுகளில் இருந்தது. முதல் சில நாட்கள் மஞ்சள் நிறமாகக் கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலை, குழந்தைக்குச் செரிக்காது என்று பீய்ச்சிக் கொட்டிவிடுவர்.

இதை நம் பாட்டிமாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், பெற்றவளின் பாலை முதல் 20 நாட்கள் வரை தவிர்க்கச் சொன்னார். 11ஆம் நூற்றாண்டில் 'அல்கானூன்' எழுதிய நம் பேரறிஞர் இப்னு சீனா, தாய்ப்பாலே சிறந்தது, இரண்டாண்டு கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவரும்கூட, பெற்றவளின் உடல் சீராகும் வரை தொடக்கத்தில் வேறொருத்தி பாலூட்டுவது நலம் என்றே கருதினார். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொண்டே அன்று பாலை மதிப்பிட முடிந்தது.

நுண்ணோக்கி வந்தபின் நிலைமை மாறியது. 1837இல் பாரிஸ் மருத்துவர் ஆல்ஃபிரட் டோனே, சீம்பாலில் கொழுப்புத் துளிகளோடு மணிமணியான உருண்டைகளும் இருப்பதைக் கண்டு எழுதினார். கொழுப்பை விழுங்கிப் பருத்த, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் உயிரணுக்களே அவை எனப் பிற்காலத்தார் அறிந்தனர். வேண்டாமென்று கொட்டப்பட்ட பால், குழந்தையைக் காக்கும் படையோடு வந்த பாலாக இருந்தது!

அந்தப் படை என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை. சீம்பாலில் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். சில வாரங்களில், தாயும் சேயும் நலமாயிருந்தால், பாலிலுள்ள உயிரணுக்களில் அவை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே குறைந்துவிடும். இருவரில் ஒருவருக்கு நோய்த்தொற்று வந்தால் மீண்டும் பெருகும், குணமானதும் தணியும். மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013இல் இதை வெளியிட்டனர். 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 48,000க்கும் மேற்பட்ட பால் உயிரணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். மாதங்கள் செல்லச் செல்ல, பாலிலுள்ள உயிரணு வகைகளின் பங்கு மாறுவதைக் கண்டனர். முதல் நாளின் பாலும் ஓராண்டு கழிந்த பாலும் ஒன்றல்ல.

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு முழுமையாக இரண்டு ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் (2:233) காலம் வகுத்துள்ளது. அந்தக் காலம் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. குபாவில் அஸ்மா (ரலி) பெற்றெடுத்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கு (ரலி) நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று 'தஹ்னீக்' செய்தார்கள். அந்தச் சுன்னத்தில் தாயின் முதல் பாலை மறுக்கச் சொல்லும் எதுவும் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எனவே பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் உம்மாமார்களும் மாமிமார்களும் சீனித் தண்ணீரைத் தேடுமுன், குழந்தையைத் தாயின் மார்பில் சேர்க்க உதவுவார்களாக. பிள்ளையின் ஹக்கை முழுமையாக நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.