பெப்டைடு அளவும் நுரையீரல் தொற்றின் கடுமையும்: பினாங்கிலிருந்து ஓர் எதிர்வாதம்

வடமலேசியாவில் நுரையீரல் தொற்றை ஆராய்வோர் மெலியாய்டோசிஸை ஒதுக்கிவிட முடியாது. 1912இல் ரங்கூனில் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் விவரித்த நோய் இது. 1921இல் ஸ்டான்டனும் பிளெச்சரும் இதற்குப் பெயரிட்டார்கள். பினாங்கை அடுத்த கெடாவில், அலோர் ஸ்டார் வட்டாரத்தில் ஆண்டுக்கு இலட்சம் பெரியவர்களில் ஏறத்தாழ 16 பேருக்கு இந்நோய் வருவதாகவும், நோயுற்றோரில் மூவரில் ஒருவர் இறப்பதாகவும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரும்பாலும் நிமோனியாவாகவே தலைகாட்டும். இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு வர நாள்கள் ஆகும். யாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவது என்ற முடிவோ அன்றிரவே எடுக்கப்பட வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் உடலே சுரக்கும் நுண்ணுயிரெதிர்ப்புப் பெப்டைடுகளை, குறிப்பாக எல்எல்-37ஐ, இரத்தத்தில் அளக்கலாம் என்கிறார்கள் சிலர். அளவு கூடினால் நோய் கடுமை என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

முதலில், எதை அளக்கிறோம்? எல்எல்-37 என்பது இரண்டு லூசின்களில் தொடங்கும், 37 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் எச்கேப்-18 என்ற பெரிய முன்புரதத்தைத் துகள்களில் சேமித்து வைக்கின்றன. அது வெளியேறியபின் புரோட்டீனேஸ்-3 என்ற நொதி வெட்டினால்தான் எல்எல்-37 பிறக்கும். குருதி நீரில் பெரும்பகுதி வெட்டப்படாத முன்புரதமே. அதுவும் கொழுப்புப்புரதங்களோடு ஒட்டிக் கிடக்கிறது. சோதனையில் பயன்படும் எதிர்ப்பொருள்கள் பல இரண்டையும் பிரித்தறிவதில்லை. ஆகவே கிடைக்கும் எண், நியூட்ரோஃபில்கள் எவ்வளவு கொட்டின என்பதைச் சொல்கிறதே தவிர, நுரையீரலில் எவ்வளவு வேலை நடந்தது என்பதை அல்ல.

அடுத்தது இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் இருந்தது. மெலியாய்டோசிஸுக்கு முதன்மை ஆபத்துக் காரணியும் அதுவே. இனிப்புநீர் உள்ளவர்களின் நியூட்ரோஃபில்கள் இக்கிருமியை விழுங்குவதில் தளர்ந்துபோகின்றன. அப்படியானால் குறைந்த அளவு என்பது லேசான நோயா, தோற்றுக்கொண்டிருக்கும் உடலா? ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். நம் மக்களிடம் இந்தக் குழப்பம் விளிம்பில் நிகழ்வதன்று. அதை எண்ணித்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கிருமியின் இயல்பும் உண்டு. மெலியாய்டோசிஸை உண்டாக்கும் ‘பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை’ என்ற கிருமி, பாலிமிக்ஸின் என்ற பெப்டைடு மருந்தையே இயல்பாக எதிர்த்து நிற்பது. பெப்டைடு பெருகியதாலேயே அது அடங்கிவிடாது. இன்னொன்று: வைட்டமின் டி எல்எல்-37 மரபணுவைத் தூண்டுவதால், அதன் குறைபாடும் அளவைத் திரிக்கும்.

இரத்தத்தில் அளக்கப்படும் மற்றொரு தொற்றுக் குறியீடான புரோகால்சிடோனினுக்கு இங்கே ஒரு முன்னோடி உண்டு. கடும் மெலியாய்டோசிஸில் அது உயர்வதை 1995இலேயே தாய்லாந்து நோயாளிகளிடம் பதிவு செய்தார்கள். பெப்டைடைத் தனித்து நிறுத்தாமல் அதனோடு சேர்த்து, முதல் நாளும் மூன்றாம் நாளும் அளந்து, ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதே தகும். ஐரோப்பியர்களிடம் வகுத்த வெட்டெல்லையை இங்கே அப்படியே பொருத்தலாகாது. பினாங்கு மருத்துவமனைகளில் சேர்க்கும்போதே எச்பிஏ1சி (இனிப்புநீர்க் கட்டுப்பாட்டைக் காட்டும் அளவு), வைட்டமின் டி அளவுகளோடு ஒரு குருதி நீர் மாதிரியை உறையவைத்து, இனிப்புநீர் உள்ளோர், இல்லாதோர் எனப் பிரித்து எல்லைகளை வகுக்க வேண்டும்.