கண்ணுக்குத் தெரியாததும் கணக்குக்குத் தெரிந்ததும்

அமாவாசை தோறும் மேல்மலையனூருக்கு மக்கள் வெள்ளமெனத் திரளுகின்றனர். செஞ்சிப் பக்கமிருந்தும், திண்டிவனம், விழுப்புரம் பக்கமிருந்தும், வடக்கே வேலூர் வரையிலுள்ள ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாய் வருகின்றனர். நள்ளிரவு ஊஞ்சலைக் காணக் கண்விழித்துக் காத்திருக்கின்றனர். நிலவு இல்லாத இரவு. ஆகவே ஆவிகள் உலவும் இரவு, அச்சம் தரும் இரவு, அச்சத்தைப் போக்கிக்கொள்ளவும் உகந்த இரவு என்பது அவர்கள் எண்ணம். நிலவு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கதிரவனோடு எழுந்து கதிரவனோடு மறைந்தது. ஒளி படாத முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு பகலெல்லாம் வானில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அந்தப் பக்கத்து இளைஞர்கள் படிப்பகங்களில் கூடிப் பேசும்போது எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கேள்வி வருவதுண்டு. "பேயைக் கண்ணால் கண்டாலன்றி நம்பமாட்டோம் என்கிறீர்கள். கருந்துளை என்று ஏதோ சொல்லுகிறார்களே, ஒளியே வெளிவராத ஒரு பொருள் என்கிறார்களே, அதை மட்டும் எந்தக் கண்ணால் கண்டீர்கள்?" என்பது அந்தக் கேள்வி. கேலிக்காகக் கேட்கப்படுவதுதான், எனினும் நல்ல கேள்வி! சிரித்து ஒதுக்கிவிடக் கூடாத கேள்வி. 'விஞ்ஞானிகள் சொன்னார்கள், ஆகவே நம்புகிறோம்' என்று நாம் விடை சொல்வோமானால், 'முன்னோர் சொன்னார்கள், ஆகவே நம்புகிறோம்' என்பவரைக் குறைகூற நமக்கு உரிமை ஏது? ஆகவே கருந்துளையின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம். அந்த வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று நம் சென்னையிலே எழுதப்பட்டது என்பது நமக்கு ஒரு கூடுதல் உரிமை.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தைக்கு இரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம். தாயார் சீதாலட்சுமி, இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தை — கணவன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பெண் வெளியேறும் கதையை — தமிழில் பெயர்த்தவர். அந்த நாளில் அதற்குத் தனித் துணிவு வேண்டும். குடும்பம் சென்னைக்கு வந்தது. மகன் திருவல்லிக்கேணியில் பள்ளிப்படிப்பும், 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரியில் பௌதிகமும் படித்தார். 1928-இல் செருமானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, தேடிச்சென்று அவரைக் கண்டு, அணுவைப் பற்றிய புதிய கருத்துக்களைக் கேட்டறிந்தார். பதினெட்டு வயது கூட நிரம்பாதவர்!

வாய்ப்புப் பெற்ற இல்லத்துப் பிள்ளை அவர். சர். சி. வி. இராமன் அவருக்குச் சிற்றப்பன் முறை. அதே ஆண்டுகளில் செஞ்சி வட்டாரத்து உழவன் மகன் எத்தனை பேர் அந்தக் கல்லூரி வாயிலை மிதித்தனர் என்ற கேள்வியையும் உடன் வைத்தே இந்தப் பெருமையை நாம் பேசவேண்டும். அறிவு ஒரு தெருவில் மட்டும் விளைவதன்று. வாயில்தான் ஒரு தெருவுக்கு மட்டும் திறந்திருந்தது.

1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் செல்லும் பயணம். அப்போது வயது 19. மேல்தளத்து நாற்காலியில் அமர்ந்து அவர் போட்ட கணக்கு, எரிந்து தீர்ந்த விண்மீன் என்னவாகும் என்பது. விண்மீன் என்பது ஓயாத ஒரு மல்லுக்கட்டு. அதன் எடை அதை உள்நோக்கி நசுக்கும். உள்ளே எரியும் அணு உலையின் வெப்பம் வெளிநோக்கித் தள்ளும். எரிபொருள் தீர்ந்தபின் தள்ளுவது யார்? அணுக்களுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் தள்ளும் என்று ரால்ஃப் ஃபவுலர் 1926-இல் காட்டியிருந்தார். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் குடியிருக்க முடியாது. நெருக்க நெருக்க அவை வேகங்கொண்டு முரண்டு பிடிக்கும். அதனால் சுருங்கிய விண்மீன் 'வெண்குள்ள'னாக அமைதியுறும். எல்லா விண்மீனுக்கும் அமைதியான முதுமை உண்டு என அறிஞர் உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தது.

கப்பலில் இருந்த இளைஞர் ஒன்றைக் கவனித்தார். விண்மீன் பெரியதாக இருந்தால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுமே! அதற்குமேல் வேகம் ஏற முடியாதே! ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையைக் கணக்கில் சேர்த்தார். விடை திடுக்கிட வைத்தது. ஒரு வரம்புக்கு மேற்பட்ட எடையுள்ள விண்மீனை எலெக்ட்ரான்களால் தாங்க முடியாது. அது சரிந்துகொண்டே போகும். அந்த வரம்பு, நம் கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர் திருத்தமாகக் கண்டார். எடைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஸ்டோனர், ஆண்டர்சன் முதலியோரும் அதே காலத்தில் தனித்தனியே தொட்டிருந்தனர். ஆயினும் அதனை முழுக் கொள்கையாக நிறுவி, அதற்காகப் போராடியவர் சந்திரசேகர்.

ஆம், போராட வேண்டியிருந்தது. 1935 சனவரி 11. இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டம். 24 வயதுச் சந்திரசேகர் தம் முடிவைப் படித்தார். அவரை அடுத்து எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919 கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டீன் கொள்கைக்குச் சான்று கொண்டுவந்தவர். அந்நாள் வானியலின் முடிசூடா மன்னர். அதற்கு முந்திய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவரும் அவரே. மறுக்கப் போவதாக ஒரு சொல் சொல்லவில்லை. மேடையிலே மறுத்தார்; நகைச்சுவை கலந்து மறுத்தார். ஒரு விண்மீன் இத்தனை அலங்கோலமாக நடந்துகொள்ள இயற்கை இடங்கொடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். அவை சிரித்தது.

இங்கே நாம் சற்று நிற்போம். எடிங்டன் கணக்கில் பிழை காட்டவில்லை. முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் முடிவுக்கேற்ப விதியை மாற்றப் பார்த்தார். ஐன்ஸ்டீனை உலகுக்கு எடுத்துச் சொன்ன அதே மனிதர்! அறிவாளிக்கும் ஒரு கருவறை இருக்கிறது போலும். அங்கே பிறரை நுழைய விடுவதில்லை. இன்னும் வருந்தத் தக்கது மற்றவர்களின் மௌனம். போர், பாலி போன்ற பேரறிஞர்களின் கருத்து கேட்கப்பட்டது. இளைஞர் பக்கமே நியாயம் என்று அவர்கள் தனிப்படச் சொன்னார்கள். ஊரறியச் சொல்ல முன்வரவில்லை. பெரியவரைப் பகைப்பானேன்! இந்த 'பகைப்பானேன்' என்ற ஒற்றைச் சொல் எத்தனை உண்மைகளை எத்தனை நாடுகளில் புதைத்திருக்கிறது!

சந்திரசேகர் கூச்சலிடவில்லை, கும்பிட்டுப் பின்வாங்கவும் இல்லை. 1937-இல் அமெரிக்காவுக்குச் சென்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். தம் கணக்கை 1939-இல் ஒரு நூலில் முழுமையாக எழுதிவைத்துவிட்டு, வேறு துறைக்குப் போனார். 1983-இல் நோபல் பரிசு வந்தது. கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய பெருநூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. எடிங்டனின் நூற்றாண்டில் அவரைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, அவரது பெருமையைக் குறைக்காமலே பேசினார். அந்தப் பண்பு நமக்கு வியப்பளிக்கிறது. ஆயினும் அரை நூற்றாண்டுத் தாமதத்தை அந்தப் பண்பு ஈடுசெய்துவிடாது.

அந்த இடைக்காலத்தில் கணக்கு தானே நடந்துகொண்டிருந்தது. ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும், சரியும் விண்மீன் வெளியுலகத் தொடர்பையே அறுத்துக்கொள்ளும் என்று எழுதிய கட்டுரை 1939 செப்டம்பர் 1-இல் அச்சேறியது. இரண்டாம் உலகப்போர் மூண்ட அதே நாள்! யாருக்கு அதைப் படிக்க நேரம்? கல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு, பின்னர் பென்ரோஸும் ஹாக்கிங்கும் எழுப்பிய மாளிகைக்கு அடித்தளமாயிற்று. 'கருந்துளை' என்ற பெயர் 1967-க்குப் பின் வீலர் வாயிலாகப் பரவியது. கதிரவனைக் கருந்துளையாக்க வேண்டுமானால் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள அந்த நெருப்புருண்டையை 6 கிலோமீட்டருக்குள் அமுக்கவேண்டும். அதாவது செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளையும் சுற்றி வளைக்கும் வட்டத்துக்குள்! அந்த வட்டத்துக்குள் நுழைந்த ஒளி திரும்பாது.

திரும்பாததை எப்படி அறிவது? அமாவாசை நிலவின் ஈர்ப்புக்குக் கடல் பொங்குகிறதல்லவா, அவ்வாறே! சிக்னஸ் விண்மீன் தொகுதியில் ஒரு பெருவிண்மீன், கண்ணுக்குத் தெரியாத துணையொன்றை 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருவது 1970-களின் தொடக்கத்தில் தெரிந்தது. நம் பால்வீதியின் நடுவிலும் ஒரு விண்மீன் சுமார் 16 ஆண்டுக்கு ஒருமுறை வெற்றிடத்தைச் சுற்றுகிறது. அந்த 'வெற்றிட'த்தின் எடை கதிரவனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு! இதற்காகத்தான் 2020-இல் கென்செலும் கேசும் நோபல் பரிசு பெற்றனர். பேய்க்கு எடை உண்டா? சொல்வார் சொல்லட்டும், நாம் தராசோடு காத்திருப்போம்.

இனி அலைகள். பெரும்பொருள்கள் சுழன்று மோதினால் வெளியே அதிர்ந்து அலையெழும் என்று 1916-இல் ஐன்ஸ்டீன் கணித்தார், இருபது ஆண்டு கழித்து, அப்படி அலை இல்லையோ என்று அவரே ஐயுற்றார், மீண்டும் தெளிந்தார். 1969-இல் அமெரிக்காவின் ஜோசப் வெபர், அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு அலைகளைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். உலகே பரபரத்தது. மற்றவர்கள் அதே போன்ற கருவிகளை அமைத்துத் தேடினர், ஒன்றும் கிட்டவில்லை. கண்டதாகச் சொன்னவர் நல்லவர், உழைப்பாளி, ஆனாலும் ஏற்கப்படவில்லை. ஒருவருக்கு மட்டும் காட்சி தருவது விஞ்ஞானத்தில் செல்லாது.

பின்னர் வந்தது லைகோ. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள், செங்குத்தாக. இரண்டிலும் லேசர் ஒளி ஓடித் திரும்பும். அலை கடந்தால் ஒரு கை நீண்டு மறுகை குறுகும். எவ்வளவு? ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு! இத்தனை நுண்மையில் மனம் ஏமாறுவது எளிதல்லவா? அதனால் அவர்கள் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். 2010 செப்டம்பர் 16-இல் ஓர் அதிர்வு பதிவாயிற்று. நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் ஆராய்ந்தனர்; கட்டுரையே எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் எல்லோரும் கூடிய அவையில் உறை பிரிக்கப்பட்டது. அது பொய் அதிர்வு! கண்டுபிடிக்கும் திறத்தைச் சோதிக்க ஒரு சிலர் இரகசியமாய்ப் புகுத்தியது. அப்படி நடக்கலாம் என்று எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தனர்; எவரும் சினக்கவில்லை. தன் அடியாரை இப்படிச் சோதித்துக்கொள்ளும் மடம் எதுவும் இருந்தால் அறிந்துகொள்ள ஆவலாயிருக்கிறோம்.

உண்மை அலை 2015 செப்டம்பர் 14-இல் வந்தது. இந்திய நேரம் பிற்பகல் 3 மணி 20 நிமிடம். லிவிங்ஸ்டன் கருவியில் முதலில். ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் ஏழு பங்கு கழித்து ஹேன்ஃபோர்டில். கதிரவனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரு கருந்துளைகள் மோதி 62 மடங்காய் ஒன்றாயின. மிச்சம் மூன்று கதிரவன்களின் எடை அலையாய்ச் சிதறிற்று. மோதல் நடந்தது சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன். மனிதன் இல்லாத, மதமும் சாதியும் இல்லாத காலம். அந்த அலை அன்று மேல்மலையனூர் மண்ணையும் மனிதரையும் ஊடுருவித்தான் சென்றது. எவர் மேனியும் சிலிர்க்கவில்லை. ஐந்து மாதம் சரிபார்த்தபின், 2016 பிப்ரவரி 11-இல் உலகுக்குச் சொன்னார்கள்.

மோதி இணைந்த கருந்துளை, அடித்த மணிபோல் அதிர்ந்து அடங்கும் என்று 1970-லேயே கணக்கிட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேசுவரா. அந்த அடக்க ஒலி அந்தப் பதிவின் வாலில் தெரிந்தது. 2017 சனவரியில் மறைந்த அவர், தம் கணக்கு மெய்யானதைக் கண்டபின்னரே கண்மூடினார். கரைந்த சத்தத்திலிருந்து அலையைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தவர்களில் புனேயின் சஞ்சீவ் துரந்தர் ஒருவர். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தினரும் அந்தப் பெருங்கூட்டு முயற்சியில் பங்குபெற்றனர். 2017 ஆகஸ்டு 17-இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது அலையும் ஒளியும் சேர்ந்தே வந்தன. தங்கம் போன்ற கன உலோகங்கள் அத்தகைய மோதலில் விளைவதற்குச் சான்றும் கிடைத்தது. இன்றைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

இந்தியாவிலும் மராட்டிய மாநிலத்து ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ ஒன்று அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதற்கு ஆட்கள் வேண்டும்: கணக்கர்கள் மட்டுமல்ல, வெற்றிடக் குழாய் பற்றவைப்பவர், கண்ணாடி மெருகேற்றுபவர், மின்னணு அறிந்தவர், எல்லோரும். எங்கிருந்து வருவார்கள் என்று கேட்பவருக்கு விழுப்புரத்தையே காட்டலாம். 2023 ஆகஸ்டு 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராயிருந்த வீரமுத்துவேல் அந்த ஊர்க்காரர். பாலிடெக்னிக்கில் பட்டயம் படித்துத் தொடங்கியவர்.

லைகோ பதிவு செய்த அலைகளின் அளவைகள் பூட்டி வைக்கப்படவில்லை. குறிப்பிட்ட காலம் கழிந்தவுடன் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்து விடுகிறார்கள். ஆராயும் நிரல்களையும் கூடவே தருகிறார்கள். 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் பதிவும் அதில் இருக்கிறது. செஞ்சிக் கல்லூரி மாணவரும் ஒரு கணிப்பொறியை வைத்துக்கொண்டு அதை எடுத்து, வடிகட்டி, அந்த ஐந்திலொரு நொடி அதிர்வைத் தாமே தேடிப் பார்க்கலாம். கேள்வி கேட்டவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே.