ஓமமும் ஓமப்பூவும்

ஓமம் என்னும் சிறுவித்தினை அறியாதார் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒருவரும் இரார். குழந்தை வயிறு உப்பி அழுமிடத்தும், விருந்துண்டார் மந்தித்து வருந்துமிடத்தும், முதற்கண் நாடப்படுவது அஞ்சறைப்பெட்டியிலுள்ள இவ்வித்தேயாம். ஆயினும், இதுவே கப்பலேறிச் சென்று, மேனாட்டு வேதிநூலார் கையில் உருமாறி, பல நாட்டு ஏழைமக்களின் குடலிற் புகுந்து அவர்தம் குருதியை உண்ட புழுவினை வெளிப்படுத்திய வரலாறு பலர்க்கும் தெரியாது. அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதலில் பெயரை நோக்குவோம். வடநூலார் இதனை யவானி என்பர். யவனர் நாட்டினின்று வந்தமையின் இப்பெயர் பெற்றது என்று கூறுவார் பலர். இவ்வித்தின் தாயகம் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரை நாடுகளாகலாம் என்று பயிர்நூலாரும் கருதுதலின், அக்கூற்றுக் கேட்பதற்கு இனிதாகவே உள்ளது. ஆனால், பாணினிக்கு வார்த்திகஞ் செய்த காத்தியாயனர், யவம் என்னும் வாற்கோதுமைப் பெயரினின்றே இச்சொல்லைப் பிறப்பித்து, இழிந்த யவம் என்னும் பொருள்படக் கொண்டார். யவனரினின்று பிறப்பது அவர்தம் எழுத்தினைக் குறிக்கும் யவனானி என்னும் வேறு சொல்லேயாம். இலக்கணம் பயின்ற நமக்கு அவர் பக்கம் நிற்பதே தக்கதெனத் தோன்றுகின்றது. பாரசீகர் இதற்கிட்ட பெயர் நான்கா என்பது. ரொட்டியை வேண்டுவது என்பது அதன் பொருள். ரொட்டியின்மேல் தூவி உண்டமையின் வந்த பெயரென்பர். பசியெழுப்பும் தன்மையை அப்பெயரிலேயே காணலாம்.

இவ்வித்தினை வாலையிலிட்டு வடித்த நீரே ஓமத்தீநீர். 1868-ஆம் ஆண்டில் வாரிங் என்பார் தொகுத்து வெளியிட்ட இந்திய மருந்துநூலிலும் ஓமநீர் இடம்பெற்றது. நம் பாட்டிமார் வழங்கிய பண்டத்தைத் துரைத்தனத்தாரின் மருத்துவர் ஏட்டில் ஏற்றிக்கொண்டனர் என்க.

தீநீரின்மேல் மிதக்கும் எண்ணெயைத் தனியே எடுத்துக் குளிரவிட்டால், அதில் கற்பூரம்போன்ற வெண்படிகங்கள் உறையும். உச்சயினி முதலிய மத்திய இந்திய ஊர்களில் இதனைப் பண்டே எடுத்துக் கடைவீதியில் விற்றனர். அஜ்வாயின் கா பூல் என்பது அங்கு வழங்கிய பெயர். நாம் ஓமப்பூ என்போம். மேனாட்டிலோ, 1719-ஆம் ஆண்டில் காஸ்பர் நாய்மன் என்னும் செர்மானியர், தைம் என்னும் அந்நாட்டுப் பூண்டின் எண்ணெயில் இத்தகைய படிகத்தைக் கண்டார். 1853-ல் லாலெமாண்டு என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை ஆராய்ந்து தைமால் எனப் பெயரிட்டார். அதனையடுத்த மூன்றாண்டுகளுக்குள் ஸ்டென்ஹவுஸ், ஹெய்ன்ஸ் என்னும் இருவர் நம் ஓமப்பூவும் அந்தத் தைமாலும் ஒரே பொருளெனத் தெளிவித்தனர். தைம் பூண்டைவிட ஓமத்தில் இப்பொருளை எடுத்தல் எளிதும் ஊதியமுடையதும் ஆதலால், ஓமத்திற்கு மேனாட்டில் விலையேறிற்று. இந்தூர், ஐதராபாத்துச் சீமை, சென்னை மாகாணத்துக் கர்நூல் முதலிய இடங்களில் விளைந்தவை மூட்டைமூட்டையாகச் செர்மனிக்குச் சென்றன. லைப்சிக் நகரத்து ஷிம்மல் கம்பெனியார் போன்ற வாசனையெண்ணெய் வணிகர் அங்கு வடித்துத் தைமாலாக்கி உலகெங்கும் விற்றனர். வித்து நம்முடையது, படிகத்தின் ஊதியம் அவர்களுடையது.

அத்துணைப் பெருவிலை எதன்பொருட்டு எனின், கூறுதும்.

1838-ஆம் ஆண்டில் மிலான் நகரத்தில் துபீனி என்னும் மருத்துவர், இறந்த குடியானவப் பெண்ணொருத்தியின் குடலை அறுத்துப் பார்த்துழி, அரையங்குலமளவுள்ள சிறு புழுக்களைக் கண்டார். இதுவே கொக்கிப்புழு. குடற்சுவரைக் கவ்வி நின்று குருதியை உறிஞ்சுவது இதன் தொழில். இதனாற் பற்றப்பட்டார் வெளிறி, வயிறு நொந்து, மூச்சிளைத்து, நாலடி நடப்பதற்கும் மாட்டாதவராவர். 1880-ஐ ஒட்டி, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளமுள்ள செயின்ட் காட்ஹார்டு சுரங்கவழியை அமைத்த தொழிலாளரிடையே இச்சோகை பரவியபோதுதான் மருத்துவவுலகம் விழித்தது. தூரின் நகரத்துப் பொட்சோலோ என்பார் அக்காலத்தே இதற்குத் தைமாலைக் கொடுத்துப் பயன்கண்டார். புழு எவ்வழி உட்புகுகின்றது என்பதை, 1898-ல் கெய்ரோவிலிருந்த லூஸ் என்பார் வெளியிட்டார்: மலங்கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பாரின் தோலைத் துளைத்தே அது நுழைகின்றது!

1899-ல் போர்ட்டோ ரிக்கோத் தீவில் ஆஷ்போர்டு என்னும் மருத்துவர், அங்குள்ள உழைப்பாளிகளின் சோகைக்கு இப்புழுவே காரணமெனக் கண்டார். 1909-ல் ராக்பெல்லர் என்னும் பெருஞ்செல்வர் 10 லட்சம் டாலர் ஈந்து, அமெரிக்காவின் தென்னாடுகளில் இதனை ஒழிக்க ஓர் ஆணையம் நிறுவினார். அங்குப் பள்ளிப்பருவத்துச் சிறாருள் நூற்றுக்கு 40 பேர்வரை இப்புழுவை உடையராயிருந்தனர். அதுகாறும் அந்நாட்டு ஏழைகளைச் சோம்பேறிகள் என்றே பிறர் இகழ்ந்து வந்தனர். உடம்பில் குருதியில்லாதவனை நோக்கி ஊக்கமில்லாதவன் என்பது எத்துணைக் கொடுமை!

மருந்து கொடுத்த முறையும் அறியத்தக்கது. முதல்நாள் மாலை பேதியுப்புக் கொடுத்துக் குடலைக் கழுவி, மறுநாட் காலையில் தைமாலைக் கூட்டில் அடைத்து விழுங்கச் செய்து, பின்னர் மீண்டும் பேதியுப்புக் கொடுப்பர். மலங்கழியுமுன் உணவில்லை. எண்ணெய், நெய், கள், சாராயம் யாவும் அன்று விலக்கு. தைமால் அவற்றிற் கரைந்து இரத்தத்திற் சேருமாயின் நஞ்சாகும்.

நம்மவர்க்கும் இதனோடு நெருங்கிய தொடர்புண்டு. தமிழ்நாட்டினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், மழையீரம் மாறாத மலைச்சரிவுகளில் வெறுங்காலோடு கொழுந்தெடுத்தவர்கள். 1916 முதல் ராக்பெல்லர் அறநிலையத்தார் அத்தோட்டங்களிற் புகுந்து கொக்கிப்புழு மருத்துவம் செய்தனர். ஓமத்தின் தைமாலும் அமெரிக்கப் பூண்டொன்றின் வித்தெண்ணெயாகிய கீனோபோடியமுமே அக்காலத்து மருந்துகள். மருந்துண்டவர் தேறினர், ஆயினும் பலர் மீண்டும் அந்நோயே உற்றனர். கக்கூசு கட்டாத இடத்தில் புழு மண்ணிலேயே காத்திருக்குமன்றோ? மருந்துக்கு உடன்பட்ட தோட்ட முதலாளிகள் கக்கூசுக்குப் பணம் செலவிடப் பின்வாங்கினர். இவ்வரலாற்றில் நம் நெஞ்சைச் சுடுவது இதுவே.

1914-ல் பெரும்போர் மூண்டதும் செர்மனியோடு வாணிகம் அற்றது. தைமால் விலை மிக உயர்ந்தது. ஓமத்தை இந்நாட்டிலேயே வடிப்பதற்கு முயற்சிகள் எழுந்தமை அதன் பின்னரே. ஆனால் அவ்வாய்ப்பு நெடிது நில்லவில்லை. 1921-ல் ஹால் என்பார் கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப்புழுவை ஓட்டும் எனக் கண்டார். வேறு பல மருந்துகளும் தொடர்ந்தன. தைமாலையும் கிரெசால் என்னும் பொருளினின்று ஆலைகளிலேயே செய்யத் தொடங்கினர். இந்நாளில் கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரையே வழங்குகின்றது. 2015 முதல் இந்திய அரசினர் குடற்புழு நீக்கநாள் வகுத்துப் பள்ளிகளில் அதனைக் கொடுத்து வருகின்றனர்.

ஆகவே, ஓமநீர் அருந்தினால் புழுவெல்லாம் போய்விடும் என்று எவரும் எண்ணற்க. முற்காலத்து மருத்துவர் கொடுத்தது படிகமாகத் திரட்டிய தைமால். நாம் கொதிக்கவைத்துக் குடிக்கும் நீரில் உள்ளது அதன் சிறுகூறு. அது மந்தத்திற்கும் வாயுவிற்கும் போதும். ஓமப்பூவை வாங்கித் தாமே உட்கொள்ளுதலோ பெருந்தவறு. இன்னொன்றும் கூறவேண்டும். நாட்டுமருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என்று ஒரு வித்து விற்பர். பெயரால் ஓமமாயினும் இனத்தால் அது ஊமத்தையைச் சார்ந்தது, மயக்கந்தரும் நஞ்சுடையது. கடைக்கு அனுப்பும் சிறுவரிடம் வெறும் ஓமம் என்றே சொல்லி அனுப்புவதோடு, வந்ததை முகர்ந்து பார்த்தலும் வேண்டும். தொட்டியில் வளர்க்கும் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்னும் பெயர் வந்ததற்குக் காரணமான அந்த மணமே மெய்யோமத்திற்கு அடையாளம். குரோசாணியில் அது இராது.

கர்நூலும் இந்தூரும் பெற்றிருந்த அக்காலப் பெருமை இப்போது மேற்கே நகர்ந்துவிட்டது. இன்று நம் கடைகளுக்கு வரும் ஓமத்திற் பெரும்பகுதி இராசத்தானத்திலும் குசராத்திலும் விளைவது.