அந்நிய மாணவனின் இடம்

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வந்த பீகார், வங்காளக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் எங்கள் மக்தபில் ஓதுகின்றனர். அவர்களுள் ஒரு சிறுவன் பல வாரங்கள் கதவோரத்திலேயே அமர்ந்திருந்தான். உள்ளே வரும்படி அழைத்தேன். "ஹஜ்ரத், என் இடம் எது?" என்று உருதுவில் கேட்டான். நம் கல்விக்கூடங்களின் வரலாறு இக்கேள்வியைப் பலமுறை சந்தித்திருக்கிறது.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையான சுஃப்பாவில் வீடற்ற வெளியூர்த் தோழர்கள் தங்கி ஓதினர். யமன் பகுதியின் தவ்ஸ் குலத்தவரான அபூஹுரைரா (ரலி) அவர்களுள் ஒருவர். ஒருநாள் பசியால் வாடி நின்ற அவரிடம், ஒரு கிண்ணம் பாலைச் சுஃப்பாவாசிகள் அனைவருக்கும் பரிமாறும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தமக்கு மிஞ்சுமா என்று உள்ளூரக் கலங்கினாலும் அவர் பரிமாறினார். இறுதியில் வயிறாரக் குடித்தார். வந்தேறியாக நின்றவரை நபியவர்கள் உபசரிப்பவராக்கினார்கள்.

கி.பி. 972இல் திறக்கப்பட்ட கெய்ரோவின் அல்அஸ்ஹரில் இதுவே பெரும் அமைப்பாக வளர்ந்தது. மொரோக்கோ முதலான மேற்கு நாட்டார், ஷாம் நாட்டார், துருக்கியர், ஜாவா தீவினர் என ஒவ்வொரு நாட்டு மாணவர்க்கும் 'ரிவாக்' எனும் தனி விடுதிக்கூடம் இருந்தது. அதற்கென ஒரு ஷெய்கு, வக்ஃபு வருமானம், நூல்கள், அன்றாட ரொட்டிப் பங்கு ஆகியவையும் இருந்தன. ரிவாக்குகளிடையே சச்சரவுகளும் மூண்டதுண்டு, அதை மறைப்பானேன்? ஆயினும் தாய்மொழி பேசி உறங்க ஓரிடமும், ஆசிரியரின் தூணைச் சுற்றி அமர ஒரு வட்டமும் அவர்களுக்குக் கிடைத்தன.

ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியின் ஜபர்த் நிலத்திலிருந்து ஓதவந்த ஒருவர் அவ்வூரார் ரிவாக்கின் ஷெய்கு ஆனார். அவருடைய வழித்தோன்றலே வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி. 1798இல் நெப்போலியன் எகிப்தில் நுழைந்ததைக் கண்ணால் கண்டு எழுதியவர் அவர். பல தலைமுறை கடந்தும் அந்நிய ஊர்ப்பெயர் அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. கெய்ரோவின் வரலாற்றை எழுத அது தடையாகவும் இல்லை.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியே கிழக்கே போனால் வேலூர். அங்கே ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவுக்குக் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். வீட்டில் மலையாளமோ தமிழோ பேசியவர்கள் உருதுவில் பாடம் கேட்டனர். ஊர் திரும்பியபின் தம் பெயரோடு 'பாகவி' என்று சேர்த்துக்கொண்டனர்.

அச்சிறுவனுக்கு உடனே ஒரு ரெஹல் கொடுத்து நடுவரிசையில் அமர்த்தினேன். அது போதவில்லை, மறுநாளும் கதவோரத்தில்தான் இருந்தான். பின்னர் காயிதா நூல்களை எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தேன். இப்போது தாமதமாக வரும் உள்ளூர்ப் பிள்ளைகளை, அரைகுறைத் தமிழில், அவன்தான் அதட்டுகிறான்.