வெடியோசையும் வேட்டைநாயும்

சிலாங்கூர் ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த கோலசிலாங்கூர் வெடியோசைக்குப் புதிய ஊரன்று. 1784-இல் புக்கிட் மலாவாத்திக் கோட்டையை டச்சுக்காரர் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். அக்குன்றின்மேல் பழைய பீரங்கிகளை இன்றும் காணலாம். பீரங்கிகள் ஓய்ந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத் துரைமாரோடு வேட்டைத் துப்பாக்கி வந்தது. ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் (பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது!) இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டி அழித்தமையால் துப்பாக்கிக்கு வேலை இருந்தது. வயல்வெளியில் உள்ளான் சுடுவதும் மலாயாத் துரைமாரின் பொழுதுபோக்காயிற்று.

சுடப்பட்ட பறவையைச் சேற்றிலும் புல்லிலும் தேடி எடுத்துவர நாய் வேண்டும். சங்க நூல்கள் ஞமலி எனக் குறிக்கும் நாயும், பிற்காலத்து இராசபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் விரட்டிப் பிடிக்கும் வேட்டைக்கு உரியவை. துப்பாக்கி வேட்டைக்கான நாயோ தலைக்கருகே வெடி அதிர்ந்தாலும் நிலைகுலையாதிருத்தல் வேண்டும். மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். ஆதலின் இப்பொறுமை அதற்கு எளிதன்று.

பழக்கும் முறை மிக நிதானமானது. குட்டி பசியோடு உண்ணும் வேளையில் ஒருவர் அருகே நிற்பார். மற்றொருவர் நெடுந்தொலைவில் சிறிய வெடியொன்றை வெடிப்பார். குட்டி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் உண்ணத் தொடங்கினால் அன்றைய பாடம் முடிந்தது. நாளடைவில் தொலைவைக் குறைப்பர். பின்னர்ப் பெரிய துப்பாக்கிக்கு மாறுவர். காது மடங்கினாலோ வால் ஒடுங்கினாலோ உடனே பழைய தொலைவுக்குத் திரும்பிவிட வேண்டும். வெடிக்குப்பின் பறவை விழும், அதனை எடுத்துவரும் இன்பம் உண்டு என்று கற்றுக்கொண்ட நாய், ஓசையை விரும்பியே எதிர்பார்க்கும். அவசரப்பட்டுத் தலைக்குமேல் ஒருமுறை சுட்டுவிட்டால் அந்த அச்சத்தைப் போக்குதல் பெரும்பாடு. சாட்டையால் நாய் பழக்கிய காலத்தில், ஆங்கிலப் படைத்தலைவர் ஹட்சின்சன் 1848-இல் வெளியிட்ட நூலில் மென்மையான முறையையே வற்புறுத்தினார்.

வேட்டைக்காரர் பட்டறிவால் கண்ட இதனை உளநூலார் பிற்பாடே ஆய்ந்தனர். வாட்சனும் ரேய்னரும் 1920-இல், ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கியடித்து, எலியைக் கண்டே அஞ்சுமாறு செய்தனர். இன்று எவரும் ஒப்பமாட்டாத கொடுஞ்சோதனை அது! 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து அச்சத்தைப் போக்கினார். ஆசிரியப் பயிற்சியில் பயிலப்படும் இவ்விரண்டுள் பின்னதே வேட்டைக்காரர் முறை.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் துப்பாக்கி தோட்டத்தின் அன்றாடப் பொருளாயிற்று. மோப்ப நாய்கள் படைகளோடு காட்டுக்குள் சென்றன. 1949 முதல் 1952 வரை பணியாற்றிய நான்கு விமானப்படைக் காவல் நாய்களுள் லக்கி என்ற ஒன்றே உயிர்தப்பியது. அத்தகைய நாய்களுக்கு முன்பயிற்சி இருந்தது. லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு அது வாய்க்கவில்லை. பிரிக்ஸ் திட்டக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் பலரும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். அதற்கும் முன்பே, 1948 டிசம்பர் 12-ஆம் நாள், வடசிலாங்கூரில் பத்தாங்காலிக்கு அருகிலுள்ள ரப்பர்த் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளரைச் சுட்டுக்கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் ஆடவரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தனர்.

2007-இல் லக்கிக்கு, அதன் மறைவுக்குப் பின், விலங்குகளின் வீரத்துக்குரிய டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. பத்தாங்காலியில் உறவினரை இழந்தோர் பொது விசாரணை கோரித் தொடுத்த வழக்கைப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல் தள்ளுபடி செய்தது.