விசிலும் வாசலும்

துருக்கியின் கருங்கடல் கரையில் இருக்கும் சாம்சுன் நகரத்துக்கு ரோமானியர் காலத்தில் அமிசஸ் என்று பெயர். அங்கே கிடைத்த கல்லறைக் கல் ஒன்று இப்போது பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 1,800 ஆண்டு பழைய கல். டியோடோரஸ் என்ற கிளாடியேட்டர் இரண்டு வாள்களுடன் நிற்க, எதிராளி டெமெட்ரியஸ் கீழே கிடக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு குற்றச்சாட்டு. எதிராளியை வீழ்த்திய பிறகும் தான் உடனே கொல்லவில்லை என்றும், தன் சாவுக்கு விதியும் நடுவரின் வஞ்சகமும்தான் காரணம் என்றும் டியோடோரஸே சொல்வதுபோல் வெட்டியிருக்கிறார்கள்.

கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் மைக்கேல் கார்ட்டர் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். எதிராளி விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்பி டியோடோரஸ் விலகி நின்றிருக்கிறான். நடுவரோ, டெமெட்ரியஸ் தோற்று விழவில்லை, தடுமாறித்தான் விழுந்தான் என்று முடிவு செய்து, அவனை எழுந்து ஆயுதம் எடுக்கவிட்டு, மறுபடி மோதச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது மோதலில் டியோடோரஸ் செத்தான். அவனை அடக்கம் செய்தவர்கள் ஆறாத கோபத்தில் அந்தத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டைக் கல்லில் பதித்துவிட்டார்கள்.

அதே ரோமப் பேரரசில், இந்தக் கல்லுக்கும் முன்பே, விளையாட்டு அரங்கம் பற்றிய வேறொரு வழக்கு நடந்தது. கி.பி. 27-இல் ரோமுக்கு வடக்கே ஃபிடெனே என்ற ஊரில் அட்டிலியஸ் என்பவர் மரத்தாலான அரங்கம் ஒன்றைக் கட்டினார். அடித்தளம் உறுதியில்லை, மர இணைப்புகளும் சரியில்லை. பேரரசர் டைபீரியஸின் ஆட்சியில் கிளாடியேட்டர் காட்சிகள் அருகியிருந்ததால் ரோம் நகரமே திரண்டு வந்தது. நிரம்பிய அரங்கம் அப்படியே சரிந்தது. செத்தவர்களும் முடமானவர்களும் சேர்த்து 50,000 பேர் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். இறந்தவர்கள் மட்டும் 20,000-க்கு மேல் என்கிறார் சூட்டோனியஸ். எண்ணிக்கையைக் குறைத்துக் கொண்டாலும் பேரழிவுதான். செனட் சபை அட்டிலியஸை நாடு கடத்தியது. நான்கு லட்சம் செஸ்டர்ஸ் நாணய மதிப்புள்ள சொத்து இல்லாதவர் இத்தகைய காட்சி நடத்தக் கூடாது, நிலத்தின் உறுதியைச் சோதிக்காமல் அரங்கம் எழுப்பக் கூடாது என்று ஆணையும் போட்டது. கூட்டம் கூடும் கட்டடத்துக்கென்று எழுதப்பட்ட மிகப் பழைய விதிகளில் இதுவும் ஒன்று. சுமார் ஐம்பது ஆண்டு கழித்துக் கட்டி முடிக்கப்பட்ட கொலோசியத்தில் 80 வளைவு வாசல்கள் இருந்தன. அவற்றில் 76-க்கு எண் பொறித்திருந்தார்கள். யார் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போவது என்பது கட்டும்போதே தீர்மானிக்கப்பட்ட விஷயம்.

நடுவர் மீதான வழக்கு, கட்டடம் மீதான வழக்கு என்று இரண்டும் அன்று தொடங்கி இன்றுவரை ஓடுகின்றன. முதலாவதைப் பற்றிப் பேச எப்போதும் ஆள் உண்டு. டீக்கடையில், ரயிலில், கல்யாண வீட்டில் என்று எங்கும் பேசலாம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு எழுவதற்குப் பிணங்கள் விழ வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வளவு கொடியது என்பதை 1964-இல் பெருவின் தலைநகரம் லிமா காட்டியது.

லிமாவின் எஸ்டாடியோ நேசியோனல், அதாவது தேசிய மைதானம், 1952-இல் ஜெனரல் ஒத்ரியாவின் ஆட்சியில் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டது. அதற்கு முன்பு அதே இடத்தில் இருந்தது, பெரு விடுதலையின் நூற்றாண்டுக்கு அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர்கள் பரிசாகக் கொடுத்த மர மைதானம். புதிய மைதானத்தில் சுமார் 53,000 பேர் அமரலாம். மேலடுக்குகளிலிருந்து தெருவுக்கு இறங்கச் சுரங்கம்போல் மூடிய படிக்கட்டுகள். ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும் தெருவைப் பார்த்து ஓர் இரும்பு ஷட்டர். டிக்கெட் இல்லாதவன் உள்ளே நுழையக் கூடாது என்ற எண்ணத்தில் வைத்த கதவுகள் அவை.

1964 மே 24, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கால்பந்துப் போட்டியில் பெருவும் அர்ஜென்டினாவும் மோதின. தென் அமெரிக்காவிலிருந்து இரண்டு அணிகள் போகலாம். பெருவுக்குக் கடைசி ஆட்டம் பிரேசிலுடன் என்பதால், இந்த ஆட்டத்தைச் சமனாகவாவது முடிக்க வேண்டும். இரண்டாம் பாதியில் அர்ஜென்டினா ஒரு கோல் அடித்து முன்னே நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது, அர்ஜென்டினாவின் தடுப்பாட்டக்காரர் பந்தை வெளியே அடிக்க முனைந்தார். ‘கிலோ’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட விக்டர் லொபாட்டோன் காலைத் தூக்கி மறித்தார். பந்து அவர் காலில் பட்டுத் திரும்பி வலைக்குள் போய்விட்டது. அரங்கம் துள்ளி எழுந்தது. உருகுவே நாட்டு நடுவர் ஏஞ்சல் எதுவார்தோ பாசோஸ் விசில் ஊதினார். ஃபவுல், கோல் செல்லாது.

அந்தத் தீர்ப்பு சரியா? எதிராளியின் உடம்புக்கு ஆபத்தாகக் காலைத் தூக்கினால் குற்றம் என்று கால்பந்து விதி சொல்கிறது. எது ஆபத்து என்பதை முடிவு செய்வது நடுவரின் கண். அந்த நாளில் திரும்பப் பார்க்கத் திரையும் இல்லை, காதில் சொல்ல இன்னொரு நடுவரும் இல்லை. நேர்மையான இரண்டு பேர் நேர்மாறாகச் சொல்லக்கூடிய தீர்ப்பு அது. லிமாவில் அந்தக் கோலைப் பற்றிய வாதம் பல பத்தாண்டுகள் கழித்தும் ஓயவில்லை.

விசிலுக்குப் பிறகு, ‘பொம்பா’ என்று ஊரறிந்த ரசிகர் ஒருவர் வேலியைத் தாண்டி நடுவரை நோக்கி ஓடினார். போலீஸ் பிடித்துக்கொண்டது. அடுத்து இன்னொருவர் இறங்கினார். அவரைப் போலீசார் தடியால் அடித்ததையும் நாய்களை ஏவியதையும் அரங்கம் முழுக்கப் பார்த்தது. நடுவர் மீதிருந்த கோபம் அந்த நொடியில் போலீஸ் மீது திரும்பியது. கையில் கிடைத்ததெல்லாம் மைதானத்துக்குள் பறந்தது. பாசோஸ் ஆட்டத்தை நிறுத்தினார். கூட்டத்தைக் கலைக்க, கேலரிக்குள்ளேயே கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசப் போலீஸ் அதிகாரி ஹோர்கே தெ அசம்புஹா உத்தரவிட்டார்.

புகை வந்தால் மனிதன் என்ன செய்வான்? வந்த வழியே இறங்குவான். முதலில் இறங்கியவர்கள் படிக்கட்டின் அடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர்கள் மூடிக் கிடந்தன. திரும்பி ஏற முடியவில்லை. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மேலேயிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றவர்களுக்குக் கீழே அடைத்திருப்பது தெரியாது. அந்த இருட்டுப் படிக்கட்டுகளில் நின்ற நிலையிலேயே மக்கள் நசுங்கி மூச்சடைத்து இறந்தார்கள். கேலரியிலேயே தங்கிவிட்டவர்கள் கண் சிவந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். அரசுக் கணக்குப்படி 328 பேர் இறந்தார்கள். கால்பந்து வரலாற்றில் அதுவரை அப்படி ஒரு சாவு எண்ணிக்கை இருந்ததில்லை. விசாரித்த நீதிபதி பெஞ்சமின் காஸ்தஞேதா, உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதல் என்றும், துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தவர்கள் கணக்கில் வரவில்லை என்றும் சந்தேகித்தார். குண்டு வீசச் சொன்ன அதிகாரிக்கு 30 மாதச் சிறை கிடைத்தது.

அப்போது பெருவின் அதிபர் ஃபெர்னான்டோ பெலாவுந்தே டெர்ரி. தொழிலால் அவர் கட்டடக் கலைஞர். கட்டடக் கலைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி நடத்தியவர். அப்படிப்பட்டவர் ஆண்ட நாட்டின் தலைநகரத்தில், மக்களின் உயிர் ஒரு கதவு எந்த நேரத்தில் திறக்கப்படும் என்பதில் தொங்கியிருக்கிறது. அது நெஞ்சை அறுக்கும் விஷயம். பின்னர் மைதானத்தின் கொள்ளளவை 42,000-ஆகக் குறைத்தார்கள். இரண்டாவது இடத்துக்குத் தனியாக ஓர் ஆட்டம் வைத்ததில் பிரேசில் 4-0 என்று பெருவை வென்று டோக்கியோ போனது. கேள்வியெல்லாம் ‘அது கோலா, இல்லையா’ என்பதிலேயே வெகுகாலம் சுற்றிக்கொண்டிருந்தது. ஷட்டரைப் பற்றிய கேள்வி அதன் நிழலில் ஒதுங்கியது.

சாவுக்கு ஆட்டத்தைக் காரணம் காட்டும் இந்தப் பழக்கம் லிமாவோடு நின்றுவிடவில்லை. 1971 ஜனவரி 2-ஆம் தேதி கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறும்போது, 13-ஆம் எண் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். கடைசி நிமிடங்களில் செல்டிக் ஒரு கோலும், உடனே பதிலாக ரேஞ்சர்ஸ் ஒரு கோலும் அடித்திருந்தன. வெளியேறிக்கொண்டிருந்த ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் பதில் கோலின் ஆரவாரத்தைக் கேட்டு மேலே திரும்பி ஓடியதால்தான் நெரிசல் என்று ஊரெல்லாம் நம்பியது. விசாரணை அதை மறுத்தது. எல்லோரும் ஒரே திசையில் கீழ்நோக்கித்தான் இறங்கியிருக்கிறார்கள். அதே படிக்கட்டில் 1961-இலேயே இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பழி படிக்கட்டுக்கும் அதைத் திருத்தாதவர்களுக்கும்தான் சேர வேண்டும்.

இங்கிலாந்தின் போல்டன் நகரில் 1946-இல் 33 பேர் இறந்தபோதே, மைதானங்களுக்கு நகராட்சி உரிமம் தேவை என்று விசாரணைக் குழு சொல்லியிருந்தது. அதைச் சட்டமாக்க ஐப்ராக்ஸ் தேவைப்பட்டது. விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1975-இல். அதுவும் பெரிய அணிகளின் மைதானங்களுக்கே முதலில் பொருந்தியது. மூன்றாம் டிவிஷனில் இருந்த பிராட்ஃபோர்டு அணியின் மர ஸ்டாண்ட் சட்டத்தின் கைக்கு எட்டவில்லை. ஸ்டாண்டுக்கு அடியில் குவிந்த குப்பையில் ஒரு சிகரெட் விழுந்தால் போதும், தீப்பிடித்துவிடும் என்று உள்ளாட்சி நிர்வாகம் 1984-இல் கடிதம் எழுதி எச்சரித்தது. 1985 மே 11 அன்று அப்படியே நடந்தது. பின்பக்க வாசல்கள் பல பூட்டியிருந்தன. 56 பேர் இறந்தார்கள். மைதானத்தைப் பார்த்த பக்கம் வேலி இல்லாததால் மற்றவர்கள் புல்தரைக்கு ஓடித் தப்பினார்கள். நான்கே ஆண்டில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் அந்த வேலி இருந்தது. அங்கே நெரிசலில் உயிரிழந்தவர்கள் 97 பேர். இன்று பிரிட்டனின் மைதானங்களுக்கான பாதுகாப்புக் கையேடு, அரங்கம் காலியாக அதிகபட்சம் எட்டு நிமிடம் என்கிறது. அந்த எட்டு நிமிடத்துக்குப் பின்னால் நிற்கும் கல்லறைகள் எத்தனை!

இந்தியாவிலும் கணக்கு உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் கால்பந்து ஆட்டம். ஆட்டத்தில் மோதிக்கொண்ட இரண்டு வீரர்களை நடுவர் சிவப்பு அட்டை காட்டி அனுப்பினார். கேலரியில் கலவரம் மூண்டது. இரு அணி ரசிகர்களையும் பிரிக்காமல் உட்கார வைத்திருந்த பகுதியில் 16 பேர் உயிரிழந்தார்கள். 2022-இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்தார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி அப்போது நடைமுறையில் இருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று கினி நாட்டின் என்செரேகோரே நகரில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரத்தில் அரசுக் கணக்குப்படியே 56 பேர் போனார்கள். அங்கும் கண்ணீர்ப்புகை, அங்கும் நெரிசல். லிமாவுக்கும் அதற்கும் இடையில் அறுபது ஆண்டு.

இத்தனையையும் மனதில் வைத்துச் சென்னையின் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக் கதையைப் பார்க்க வேண்டும். 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே என்று மூன்று புதிய ஸ்டாண்டுகள் எழும்பின. சுமார் 12,000 இருக்கைகள். அவற்றை ஒட்டி மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் நின்றதால், விதிப்படி விட வேண்டிய இடைவெளி இல்லை. மாநகராட்சி சீல் வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆண்டுக்கணக்கில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு அந்த இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ரசிகர்களுக்கு வயிற்றெரிச்சல். ஒரு சின்ன இடைவெளிக்காகவா இவ்வளவு என்று சலித்துக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி நுழையவும் கூட்டம் கலையவும் தேவைப்படும் இடைவெளி சின்னதல்ல.

2019-இல் ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னையில் நடந்திருக்க வேண்டும். மூன்று ஸ்டாண்டுகளையும் திறக்க அனுமதி கிடைக்காததால் கிரிக்கெட் வாரியம் அதை ஐதராபாத்துக்கு மாற்றியது. மே 12 அன்று அங்கே சென்னை அணி ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. நடுவில் தோனியின் ரன் அவுட். இஷான் கிஷன் எறிந்த பந்து ஸ்டம்பைத் தகர்த்தபோது மட்டை கோட்டைத் தொட்டதா, இல்லையா? மூன்றாவது நடுவர் நைஜல் லாங் ஒவ்வொரு கோணமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அவுட் என்றார். ஒரு கோணத்தில் அவுட், இன்னொரு கோணத்தில் இல்லை என்று தமிழ்நாட்டில் இன்றும் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1992-இல் டர்பனில் மூன்றாவது நடுவர் திரையில் பார்த்து முதல் ரன் அவுட்டை, டெண்டுல்கருக்கு, கொடுத்தபோது இனி வாதத்துக்கு இடமில்லை என்று நினைத்தவர்கள் உண்டு. திரை வந்ததால் வாதம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த வாதம் நன்றாக நடக்கட்டும். அதில் யாருக்கும் உயிர் போவதில்லை.

ஆனால் அந்த ஆட்டம் ஏன் ஐதராபாத்தில் நடந்தது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்கிறவர்கள் குறைவு. அன்று அனுமதி மறுத்தவர்களை ஊர் திட்டியது. அவர்கள் செய்தது சரியான காரியம். உடற்பயிற்சிக் கூடத்தை இடித்த பிறகுதான் ஸ்டாண்டுகளுக்கு வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்கு மூன்று ஸ்டாண்டுகளையும் திறந்தார்கள். உள்ளூர்க்காரர் அஸ்வின் அந்த டெஸ்டில் சதம் அடித்தார்.